மேற்படிப்பு, குழந்தை, குடும்ப மருத்துவம்: எதை முதலில் முடிவு செய்தீர்கள்?

பொருநைக்கரை:

வணக்கம். எனக்கு வயது 28. தென் மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். கல்யாணமாகி இரண்டு வருடம். கணவர் கோவையில் பொறியாளர், மாதத்தில் பாதி நாள் இங்கிருந்தே வேலை பார்க்கிறார்.

வீட்டில் எங்களிடம் கேட்பது இரண்டே கேள்விதான். ஒன்று, "விசேஷம் ஏதும் உண்டா?" இன்னொன்று, "பி.ஜி. எப்போ?", அதாவது மேற்படிப்பு. இரண்டையும் கேட்பவர்கள் ஒரே ஆட்கள். இரண்டுக்கும் ஒரே வருடத்தில் நல்ல செய்தி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

என் கணக்கு இது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் அது 50 விழுக்காடு. அதனால் எனக்கு இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடுத்த வருடம் நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுதிச் சேர்ந்தால் மூன்று வருடம், வெளியே வரும்போது 32. அதற்கு மேல் உயர்சிறப்புப் படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம்.

எனக்குப் பிடித்த துறை மகப்பேறு. ஆனால் சுகாதார நிலையத்தில் நான் ரசித்துச் செய்யும் வேலை எல்லாவற்றையும் பார்ப்பது. காலையில் சர்க்கரை, பத்து மணிக்குக் கர்ப்பிணிகள், அப்புறம் காய்ச்சல், தூக்கம் வரவில்லை என்று சொல்லி உட்காரும் பெரியவர். இதை விட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்ற மேற்படிப்பைச் செய்வதும் மனதில் இருக்கிறது. அதுவும் மூன்று வருடம்தான்.

குழந்தை விஷயத்தில் நாங்கள் இருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. இப்போது இல்லை என்பது மட்டும் தெளிவு. இதுவரை கருத்தடை என்றால் ஆணுறையும் நாள்கணக்கும்தான்.

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. "பிள்ளை பெத்துக்கணும்னா ஃபேமிலி மெடிசின் எடு, இல்லேன்னா ஸ்கேன் பார்க்கிற ரேடியாலஜி எடு" என்று சீனியர்கள் சொல்கிறார்கள். என்னோடு படித்த பையன்களுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவர்களிடம் யாரும் இப்படிச் சொல்லவில்லை. குழந்தை உள்ள பெண்களை உட்கார வைக்கும் அறையாகக் குடும்ப மருத்துவம் ஆவதை நான் விரும்பவில்லை. எடுத்தால் பிடித்து எடுக்க வேண்டும்.

நீங்கள் எந்த வரிசையில் முடிவெடுத்தீர்கள்? டாக்டர்கள் மட்டும் இல்லை, எல்லோரும் சொல்லலாம்.

---

மதுரை மகப்பேறு:

முதலில் கருத்தடையை முடிவு செய்துவிடுங்கள். மற்ற இரண்டும் அதன் மேல்தான் நிற்கும்.

மூன்று வருட ரெசிடென்சிக்கு, அதாவது மேற்படிப்புப் பயிற்சிக்குப் போகும் பெண் ஆணுறையையும் நாள்கணக்கையும் நம்பிப் போகக்கூடாது. சாதாரணமாக மக்கள் பயன்படுத்தும் விதத்தில், ஆணுறை மட்டும் என்றால் ஒரு வருடத்தில் நூறு பேரில் சுமார் 13 பேருக்குக் கரு தங்கிவிடும். காப்பர்-டி என்றால் ஒருவருக்கும் குறைவு. இது உங்களுக்கும் தெரியும். ஆனால் நம் துறைப் பெண்கள் தங்களுக்கு என்று வரும்போது இந்த எண்களை எடுத்துப் பார்ப்பதில்லை. என்னிடம் வரும் பெண் டாக்டர்களில் பலர் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நாள் தள்ளிப் போய்ப் பயந்து வருகிறவர்கள்.

பிள்ளை பெறாதவர்களுக்குக் காப்பர்-டி போடக்கூடாது என்று இன்னும் சில சீனியர்களே சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி அட்டவணையில் அது இரண்டாம் வகை. அதாவது, இடரைவிட நன்மை அதிகம், தாராளமாகப் போடலாம். எடுத்த உடனே கரு தங்கும் திறன் திரும்பிவிடும். காப்பர்-டியில் 380ஏ வகை பத்து வருடம் தாங்கும், 375 வகை ஐந்து வருடம். முதல் சில மாதம் உதிரப்போக்கும் வலியும் கூடும். உங்களுக்கு ஏற்கெனவே போக்கு அதிகம், ஹீமோகுளோபின் குறைவு என்றால் ஹார்மோன் உள்ள கருப்பை சாதனம் நல்லது. அதில் போக்கு குறையும்.

அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று, பாதுகாப்பானது. ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் ஆகலாம். "32 வயதில் உடனே வேண்டும்" என்று திட்டமிடுகிறவர் அதை மனதில் வைக்க வேண்டும். சாயா என்ற கருத்தடை மாத்திரை லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் பிறந்தது, ஸ்டீராய்டு இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. இரவுப் பணி மாறி மாறி வருகிறவர்களுக்குத் தினமும் போடும் மாத்திரையைவிட இது எளிது, கிழமை மறக்காமல் இருந்தால்.

"இப்போது இல்லை" என்பதே ஒரு முழுமையான முடிவு. அதற்கேற்ற முறை இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பதை அதற்காக இன்றே முடிவு செய்யத் தேவையில்லை.

---

கோவை நிரலர்:

நான் டாக்டர் இல்லை, மென்பொருள்காரன். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் நடந்தது, அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் பல வருடம் பேசி முடிவெடுத்தோம். மனைவி மாத்திரை போட்டால் ஒற்றைத் தலைவலி வரும். அதனால் நான் வாசக்டமி, அதாவது ஆண் கருத்தடை அறுவை செய்துகொள்ளப் போனேன். போன முதல் இடத்தில் மறுத்துவிட்டார்கள். "ஒரு குழந்தையாவது இருக்கணும் சார்." எனக்குக் கோபம் வந்தது. பிறகு படித்துப் பார்த்தால் அரசின் அறுவை வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. திருமணம் ஆகியிருக்க வேண்டும், ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. அதே வழிகாட்டுதலில் கணவன் அல்லது மனைவியின் சம்மதம் தேவை இல்லை என்றும் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் மனைவியைக் கூட்டி வரச் சொன்னார்கள். கடைசியில் வேறொரு தனியார் மருத்துவர் இரண்டு முறை உட்கார வைத்துப் பேசி, எழுதி வாங்கிக்கொண்டு செய்தார். கத்தி வைக்காத முறை, சின்னத் துளை, அன்றே வீடு. மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, அணு இல்லை என்று உறுதியான பிறகுதான் வேறு பாதுகாப்பை நிறுத்தலாம். இதைப் பல ஆண்களிடம் யாரும் சொல்வதில்லை.

ஏன் இதை இங்கே சொல்கிறேன் என்றால், தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்தாம் சுற்றில் (2019-21) மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் கிட்டத்தட்ட 38 விழுக்காடு, கணவர் அறுவை செய்துகொண்டவர்கள் 0.3 விழுக்காடு. இந்த இழையில் எல்லா யோசனையும் பொருநைக்கரையின் கருப்பையைச் சுற்றியே போகிறது. அவர் கணவர் இதில் எங்கே?

வேலை விஷயம். நான் மெயின்ஃபிரேம் நிபுணன். இருபது வருடம் ஒரே தொழில்நுட்பம். மனைவி ஒரு சின்ன நிறுவனத்தில் சோதனை, வடிவமைப்பு, வாடிக்கையாளர் எல்லாம் பார்ப்பவர். என்னைத் தேடி வருகிறவர்கள் குறைவு, வந்தால் நல்ல காசு. அவர் எங்கே போனாலும் வேலை கிடைக்கும். நிபுணனாக இருப்பவன் ஊரை மாற்ற யோசிப்பான். எங்கள் வீட்டில் ஊரை முடிவு செய்தது என் வேலைதான்.

---

காவிரி டீச்சர்:

நான் வேறு பக்கம் நின்று பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

படிப்பு, வேலை நிரந்தரம், வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக முடித்துவிட்டு 35-க்குப் பிறகு குழந்தைக்கு முயற்சி செய்தேன். வரவில்லை. சிகிச்சைக்குப் போய் 38-ல் மகள் பிறந்தாள். அந்த வருடங்களில் பட்ட ஊசியும் கடனும் ஏமாற்றமும் யாருக்கும் வேண்டாம். என்னிடம் அப்போது எல்லோரும் "இப்போ என்ன அவசரம்" என்றுதான் சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள்.

மாமியார் கேட்பது எரிச்சல்தான். ஆனால் அவர் கேட்கும் விதம் பிடிக்கவில்லை என்பதற்காக வயதுக் கணக்கைத் தள்ளி வைத்துவிடாதீர்கள். குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அது அவர்கள் வாழ்க்கை. வேண்டும் என்று மனதின் மூலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: மேற்படிப்புக்குக் காத்திருக்கும் வருடம் சும்மா போகும் வருடம் அல்ல. ஒன்றுக்கு இரண்டு குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்களா, அதையும் சேர்த்துப் பாருங்கள். 32-ல் தொடங்கினால் இரண்டாவது எப்போது?

---

மதுரை மகப்பேறு:

டீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டு குழந்தை வேண்டும் என்பவருக்குக் கணக்கு வேறு. ஒன்று போதும் என்பவருக்கு 28-க்கும் 32-க்கும் உள்ள வித்தியாசம் சிறியது. 35-க்குப் பிறகு வேகமாக மாறும், 37-38 வந்தால் இன்னும் வேகம்.

ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனை செய்து "எனக்கு நேரம் இருக்கிறது" என்று நிம்மதியாகிறவர்களையும், எண் குறைவு என்று அழுகிறவர்களையும் பார்க்கிறேன். அது முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் ஓரளவு காட்டும், தரத்தை அல்ல. இயல்பாகக் கரு தங்குமா என்பதைச் சொல்லாது. தரத்தைத் தீர்மானிப்பது வயது. அதனால் அந்த எண்ணை வைத்து மேற்படிப்பை முடிவு செய்யாதீர்கள்.

முட்டையை உறையவைத்துச் சேமிப்பதைப் பற்றிப் பலர் தனிச்செய்தியில் கேட்டீர்கள். 2021-ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி பதிவு பெற்ற மையங்களில்தான் செய்ய வேண்டும். அந்தச் சேவைகளுக்குப் பெண்ணின் வயது 21 முதல் 50 வரை. அது குழந்தையை உறுதி செய்யும் சேமிப்பு அல்ல. ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். கணவரோடு இருக்கும் 28 வயதுப் பெண்ணுக்கு நான் அதை முதலில் சொல்லமாட்டேன்.

---

சந்தைத்தெரு டாக்டர்:

ராமநாதபுரம் பக்கம் ஒரு சிறிய ஊரில் முப்பது வருடத்துக்கு மேல் கிளினிக் வைத்திருக்கிறேன். எம்.பி.பி.எஸ். தான். "எம்.பி.பி.எஸ். மட்டும்தானா டாக்டர்?" என்ற கேள்வியை முதல் பத்து வருடம் கேட்டேன். பிறகு அதைக் கேட்டவர்களின் பிள்ளைகளே தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அம்மா பொருநைக்கரை, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் குடும்ப மருத்துவத்தை இளைப்பாறும் இடமாகச் சொல்கிறவர்கள் அந்த வேலையைப் பார்த்ததில்லை. என் மாலை நேரம் ஐந்து மணிக்குத் தொடங்கும், கடைசி ஆள் போகும்போது பத்தைத் தாண்டும். காய்ச்சல் காலத்தில் அதுவும் இல்லை. என் பிள்ளைகள் வளர்ந்ததை என் மனைவிதான் பார்த்தார். ஒரு தாய்க்கு இது வசதியான வேலை என்று யாராவது சொன்னால், எந்தக் கிளினிக்கில் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கருத்தடையை வைத்தே சொல்கிறேன், இழையின் பொருளும் அதுதானே.

எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருவார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வருடம் முழுக்கத் தினமும் மாத்திரை போட விருப்பம் இருக்காது, கணவர்தான் இல்லையே. அவர் டிக்கெட் எடுத்ததும் பதற்றம் தொடங்கும். அவள் என்னிடம் கருத்தடை கேட்டு வரமாட்டாள். தலைவலி என்று வருவாள், தூக்கமில்லை என்பாள், அல்லது மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்துவிட்டு நிற்பாள். மாமியார் வெளியே போனதும் "டாக்டர், அவங்க பதினஞ்சாந்தேதி வர்றாங்க" என்பாள். நான் வேறு எதுவும் கேட்கத் தேவையில்லை. அவளுக்கு இரண்டு சிசேரியன் ஆனது எனக்குத் தெரியும், கடைசிக் குழந்தைக்கு ஒன்றரை வயது என்று தெரியும், அவள் அம்மாவுக்குக் காலில் ரத்தம் உறைந்து படுத்ததும் தெரியும். அதனால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை பக்கம் போகாமல் காப்பர்-டியைப் பற்றிப் பேசுவேன். விடுப்பு முடிந்து அவர் போன பிறகும் அது அங்கேயே இருக்கும், அடுத்த விடுப்புக்கும் ஆகும்.

அந்த ஒரு வரிக்கு அர்த்தம் தெரிந்திருப்பதுதான் என் படிப்பு. நகரத்து நிபுணர் திறமையானவர், சந்தேகமில்லை. நானே அவர்களிடம்தான் அனுப்புகிறேன். ஆனால் அவர் முன்னால் அவள் புது நோயாளி.

குறையையும் சொல்லவேண்டும். தனியாக இருக்கும் பொது மருத்துவருக்குச் சந்தேகம் கேட்க ஆள் இல்லை. நான் படித்த காலத்தில் குடும்ப மருத்துவத்துக்கு என்று முறையான பயிற்சி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. நோயாளிகளை வைத்தும் புத்தகங்களை வைத்தும் கற்றேன். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இன்று அதற்குத் துறையே இருக்கிறது. வாய்ப்பு உள்ளவர்கள் முறையாகப் படித்துவிட்டு வாருங்கள். "வெறும் எம்.பி.பி.எஸ்." என்று இருப்பதற்கும் குடும்ப மருத்துவராகப் பயிற்சி பெறுவதற்கும் வித்தியாசம் பெரிது.

---

லேபர்வார்டு இரவு:

மகப்பேறு இரண்டாம் வருட ரெசிடென்ட். ரெசிடென்சிக்குள்ளேயே குழந்தை பெற்றவள். நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

பிரசவ விடுப்பு கிடைக்கும். ஆனால் எடுத்த மாதங்களைப் பின்னால் சேர்த்து முடிக்க வேண்டும். கூடச் சேர்ந்தவர்களோடு தேர்வு எழுத முடியாது. உயர்சிறப்புப் படிப்புக்குப் போகிறவருக்கு அது ஒரு வருடத்தையே தள்ளிவிடலாம். இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பார்க்காதது வேறு. நான் விடுப்பில் போனால் என் டியூட்டியைப் பார்க்க வேறு ஆள் போடமாட்டார்கள். என் கோ-பி.ஜி.க்கள் நான்கு பேர் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்கள் முகத்தில் களைப்பைப் பார்க்கும்போது என்மேல் கோபமா என்று மனது கிடந்து தவிக்கும். அவர்களும் நல்லவர்கள், நானும் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆள் போடாத அமைப்பின் பாரம் ஐந்து இளம் பெண்களுக்கு நடுவே சண்டையாக இறங்குகிறது. சேரும் முன் அந்தத் துறையில் ஒரு வருடத்துக்கு எத்தனை பி.ஜி. என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் உள்ள இடமும் எட்டு பேர் உள்ள இடமும் ஒன்றல்ல.

ரேடியாலஜி "பாதுகாப்பான துறை" என்கிறார்கள். அங்கேயும் கர்ப்பத்தை அறிவித்த பிறகு கருவுக்கு மீதி மாதங்கள் முழுவதற்கும் ஒரு மில்லிசீவர்ட் கதிர்வீச்சு என்பதே வரம்பு. அதற்காகப் பணியை மாற்றித் தர வேண்டும். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை என்பதால் பெரும்பாலும் அங்கே போடுவார்கள். மாற்றித் தரும் மனம் உள்ள துறைத் தலைவர் வேண்டும், அவ்வளவுதான்.

என் கருத்தடை: பிரசவம் ஆன மறுநாளே, 48 மணி நேரத்துக்குள், காப்பர்-டி போட்டுக்கொண்டேன். என் வார்டில் நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் சொல்கிற அதே யோசனைதான். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அந்த ஒரு கவலையாவது இல்லை.

---

நேர்பேச்சு:

எல்லோரும் "பிடித்ததைச் செய்" என்கிறீர்கள். அரசு ஒதுக்கீட்டில் போகும் இடம் மக்கள் பணம். கிராமத்தில் இரவு இரண்டு மணிக்கு ரத்தப்போக்கோடு வரும் தாய்க்கு அறுவை செய்யத் தெரிந்தவர் வேண்டும். மகப்பேறு பிடித்திருக்கிறது என்று சொல்லும் ஒரு டாக்டர் அதை விட்டுக் குடும்ப மருத்துவம் போவது அந்தத் தாய்க்கு இழப்பு. சுகாதார நிலையத்தில் காய்ச்சல் பார்க்க வேறு ஆள் கிடைப்பார்கள்.

---

மதுரை மகப்பேறு:

@நேர்பேச்சு, அந்த இரண்டு மணிக்கு எழுந்து ஓடுகிறவள் நான். என்னிடம் வந்து சேரும் முன் அந்தத் தாய்க்கு ரத்தச்சோகை இருந்ததை யாராவது ஆறு மாதம் முன்பே பார்த்திருந்தால் பாதி இரவுகள் எனக்கு மிச்சமாகும். அதைப் பார்ப்பது சுகாதார நிலையத்தில் இருக்கும் டாக்டர். "காய்ச்சல் பார்க்க வேறு ஆள் கிடைப்பார்கள்" என்பதை வாபஸ் வாங்குங்கள்.

கடமைக்காக இந்தத் துறைக்கு வருகிறவர்களை எனக்கு வேண்டாம். இது உடம்பைத் தின்னும் வேலை. வேண்டும் என்று வருகிறவர்களே களைத்துப் போகிறார்கள்.

---

பனங்கூடல் (யாழ்ப்பாணம்):

இங்கத்தைய நிலைமையையும் எழுதுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இலங்கையில் விசேட வைத்திய நிபுணராக வருவதென்றால் கொழும்பில் உள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் ஊடாகத்தான். பரீட்சைகள், பயிற்சி எல்லாம் முடிய, பல துறைகளில் வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்தால்தான் நிபுணர் அங்கீகாரம். அந்தக் காலம் வரும்போது பெண் வைத்தியர்களுக்கு வயது முப்பதுகளின் நடு. பிள்ளை ஒன்றரை வயதாக இருக்கும். கூட்டிக்கொண்டு போவதா, அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவதா? என்னுடைய சிநேகிதிகள் இரண்டும் செய்தார்கள். ஒருவர் கணவரின் வேலையை விடச் சொல்லி மூவருமாகப் போனார். அந்தக் கணவர் போனார் என்பதை இங்கே கட்டாயம் எழுத வேண்டும்.

நான் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமா செய்தேன். பிள்ளைக்காக அல்ல. போருக்குப் பிறகு எங்கட சனத்துக்கு ஒரு வருத்தத்தோடு, அதாவது நோயோடு, இன்னொரு வருத்தம் பின்னிக் கிடந்தது. நீரிழிவுக்கு மருந்து எடுக்க வரும் அம்மாவின் நித்திரையின்மையை வேறு கிளினிக்குக்கு அனுப்பினால் அவர் போகமாட்டார்.

எங்களிடம் ஒரு நல்ல விஷயம் குடும்பநல உத்தியோகத்தர்கள், அதாவது ஊர் மருத்துவிச்சிமார். கலியாணம் முடித்த சோடிகளை அவர்கள் பதிவார்கள், புதுமணத் தம்பதியருக்கு என்றே ஒரு நிகழ்ச்சித்திட்டம் இருக்கிறது, வீட்டுக்கு வந்து கதைப்பார்கள். "எப்ப பிள்ளை" என்று மட்டும் கேட்காமல் "அதுவரைக்கும் என்ன பாவிக்கிறீங்கள்" என்றும் கேட்கிற ஒருவர் ஊரில் இருப்பது பெரிய ஆறுதல். கையில் தோலுக்குக் கீழே வைக்கிற கம்பி முறையும் இங்கே அரச கிளினிக்குகளில் கிடைக்கும். பிரசவ விடுமுறை முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாட்கள். உங்கள் தமிழ்நாட்டு அரச ஊழியர்களுக்கு ஒரு வருடம் என்று கேள்விப்பட்டேன், அது பெரிய விஷயம்.

---

காவிரி டீச்சர்:

ஆமாம், 2021-லிருந்து 12 மாதம். நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கு, இரண்டு குழந்தை வரை. பொருநைக்கரைக்கு இது பொருந்துமா என்று பணி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு என் காலத்தில் இது இல்லை.

---

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இழையை நானும் கணவரும் சேர்ந்தே படித்தோம். "அவர் இதில் எங்கே" என்று கோவை நிரலர் கேட்டதை அவரே சத்தமாகப் படித்தார். அன்றிரவு பேசத் தொடங்கி அந்த வாரம் முழுக்கப் பேசினோம். முடிந்தவற்றை எழுதுகிறேன்.

எனக்கு உதிரப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் பத்தைச் சுற்றியே நிற்கிறது. அதனால் ஹார்மோன் கருப்பை சாதனம். காப்பர்-டி போல அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பதில்லை, வெளியே வாங்க வேண்டும். அந்தச் செலவு அவருடையது, போடும் நாளில் விடுப்பு போட்டுக் கூட வருவதும் அவர். குழந்தையோ குழந்தைகளோ பெற்று முடித்தோம் என்று ஒரு நாள் முடிவானால் அறுவை அவருக்கு. இதை அவரே சொன்னார். அப்படி ஒரு கட்டம் வருமா என்று இப்போது தெரியாது, ஆனாலும் அவர் சொன்னது எனக்கு முக்கியம்.

குழந்தை பற்றி வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவது என்று வைத்திருக்கிறோம். அதற்கிடையில் வீட்டில் யார் கேட்டாலும் பதில் சொல்வது அவர் வேலை. போன ஞாயிறு அத்தை கேட்டபோது, "நாங்க யோசிச்சுத்தான் தள்ளி வச்சிருக்கோம் அம்மா, டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு, முடிவானதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வோம்" என்று அவர் சொன்னார். அத்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று மட்டும் கேட்டார். இவ்வளவு நாளும் அவர் பயந்தது அதற்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

டீச்சர், உங்கள் கணக்கையும் போட்டோம். எங்களுக்கு என்றால் ஒன்று போதும் என்று இருவருக்குமே தோன்றுகிறது.

படிப்பில் குடும்ப மருத்துவத்தை முதலில் போடப் போகிறேன். சந்தைத்தெரு டாக்டர் எழுதிய அந்தப் பெண்ணைப் போல ஐந்தாறு பேர் என் நிலையத்துக்கு வருகிறார்கள், பெயர் சொல்லி நினைவிருக்கிறது. மகப்பேறு எடுத்தால் அவர்களின் பிரசவத்தில் இருப்பேன். எனக்கு அதற்கு முன்னும் பின்னும் இருக்க வேண்டும். சீனியர்கள் "சொன்னோம்ல, பிள்ளைக்காகத்தான்" என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

@நேர்பேச்சு சொன்ன இரண்டு மணித் தாயை நான் மறக்கவில்லை. அதனால் ஒரு கேள்வி. குடும்ப மருத்துவப் பயிற்சியில் லேபர் வார்டில் எவ்வளவு கை வைக்க விடுகிறார்கள்?

---

லேபர்வார்டு இரவு:

பாடத்திட்டத்தில் மகப்பேறு, குழந்தை மருத்துவம், பொது மருத்துவம், அறுவை என்று சுழற்சி உண்டு. கை வைக்க விடுவதும் விடாததும் அந்தந்த மருத்துவமனையைப் பொறுத்தது. எங்கள் வார்டுக்கு வரும் குடும்ப மருத்துவ ரெசிடென்ட்டுகளில் சிலர் பிரசவம் பார்க்கிறார்கள், காப்பர்-டி போடுகிறார்கள், தையல் போடுகிறார்கள். சிலர் கேஸ் ஷீட் எழுதிவிட்டுப் போகிறார்கள், ஏனென்றால் எங்கள் பி.ஜி.க்களுக்கே கேஸ் போதவில்லை.

கலந்தாய்வுக்கு முன் அங்கே இப்போது இரண்டாம் வருடம் படிப்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை பிரசவம் நடக்கிறது, அதில் எத்தனையை நீ பார்த்தாய், கருப்பை சாதனம் எத்தனை போட்டாய், பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கை உன் கையால் சமாளித்திருக்கிறாயா என்று. அலுவலகத்தில் கேட்டால் பாடத்திட்டத்தைத்தான் காட்டுவார்கள். மகப்பேறு பி.ஜி. படிப்பு இல்லாத, பிரசவம் நிறைய நடக்கும் மருத்துவமனை கிடைத்தால் அதை மேலே போடுங்கள். அங்கே போட்டிக்கு ஆள் இல்லை, இரவு அழைப்பு உங்களுக்குத்தான் வரும்.